நாலாவது பிளக்

எங்கள் அம்பாசடரில் ஆண்டிப்பட்டி கணவாயைத் தாண்ட வேண்டுமென்றால் டிக்கியில் இரண்டு கேன் தண்ணீர் இருந்தாக வேண்டும். 1993 கோடையில் அதுதான் நிலைமை. அப்பாவுக்கு மதுரை கீழமாசி வீதியில் பலசரக்குக் கமிஷன் கடை. ஏலக்காய் கொள்முதலுக்குப் போடிநாயக்கனூர் போய்வருவார். சுமார் 90 கிலோமீட்டர். நாகமலை, செக்கானூரணி, உசிலம்பட்டி வரைக்கும் வண்டி ஒரு குறையும் சொல்லாமல் ஓடும். அதற்கப்புறம் ரோடும் ரயில் பாதையும் மலைகளுக்கு நடுவே நெருங்கி வருகிற இடத்தில் ஏற்றம் தொடங்கும். அங்கே இஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பும். ரேடியேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தண்ணீர் ரோட்டில் கொட்டும்.

கணவாய் ஒன்றும் பெரிய மலை இல்லை. வைக்கோல் பாரம் ஏற்றிய லாரிகூட மெதுவாக ஏறிவிடும். எங்கள் வண்டி 1984 மார்க் 4, பெட்ரோல் இஞ்சின், இரண்டாம் கையாக வாங்கியது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. அதன் 1489 சிசி இஞ்சின் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது. அந்தக் குளிர் நாட்டு இஞ்சினைப் பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் மதுரையிலும் கத்திரி வெயிலில் லட்சக்கணக்கான பேர் ஓட்டித்தான் இருக்கிறார்கள். ஆகவே வண்டி ரகத்தைக் குறை சொல்ல வழியில்லை. எங்கள் வண்டிக்கென்று ஏதோ இருந்தது.

அது என்னவென்று அறியத்தான் அப்பா ஒரு வருஷம் அலைந்தார். ஊருக்குள் ஒரு பட்டறையில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றார்கள். ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்துச் சமன்செய்து, புது கேஸ்கெட் போட்டார்கள். அடுத்த போடிப் பயணத்தில் அதே கதை. கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்று மறுபடி இறக்கினார்கள். இன்னொருவர் ரேடியேட்டர் அடைப்பு என்று புது கோர் போடச் சொன்னார். அதுவும் ஆயிற்று. மூன்றாமவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போட்டார். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குண்ணே? வெளிநாட்டுக்காரன் குளிருக்குப் போட்டது" என்றார். அப்பாவின் தோள் துண்டு நனைய நனைய, கணவாயில் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பது மட்டும் மாறவில்லை.

இந்த மூவரையும் நான் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். தண்ணீரை வெளியே தள்ளுகிற இஞ்சினைப் பார்த்தால் முதலில் கேஸ்கெட்டைத்தான் நினைக்கத் தோன்றும். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிகிற நொடியில் 2000 டிகிரிக்கு மேல் சூடு உண்டாகிறது. வார்ப்பு இரும்பு உருகுவதற்கே 1200 டிகிரி போதும். இஞ்சின் உருகாமல் இருப்பதற்குக் காரணம், சிலிண்டர்களைச் சுற்றி ஓடுகிற தண்ணீர். பெட்ரோலில் உள்ள சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அந்தத் தண்ணீர்தான் சுமந்துபோய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டு வருகிறது. இந்தச் சுற்றில் எந்த இடத்தில் பழுது வந்தாலும் வெளியே தெரிகிற அடையாளம் ஒன்றுதான்: வண்டி ஹீட் ஆகிறது. அடையாளத்தைப் பார்த்தவுடன் தாங்கள் அதிகம் கண்ட நோய்க்கு அவர்கள் மருந்து கொடுத்தார்கள். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சிம்மக்கல் பக்கம் ஒர்க்‌ஷாப் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் ஒரு பாய் இருப்பதாகக் கடைக்கு வந்த லாரி டிரைவர் சொன்னார். கூரைக்குத் தகரம், தரைக்கு ஆயில் ஊறிய மண். ஒரே சமயத்தில் ஒரு வண்டிதான் நிற்கும். பாயின் அத்தா டி.வி.எஸ் பஸ் பட்டறையில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, அடுப்புக்கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓட்டினார்கள். அதற்கான கேஸ் பிளான்ட்டை டி.வி.எஸ் நிறுவனமே தயாரித்தது. கரி வாயுவில் ஓடும் பஸ்ஸுக்கு ஏற்றம் என்றாலே சோதனைதான். அந்தக் காலத்து ஆட்கள் இஞ்சின் சத்தத்தையும் சூட்டையும் கையாலும் காதாலும் அளந்து பழகினார்கள் என்று பாய் சொல்வார். அந்தப் பழக்கம் அவர் கைக்கும் வந்திருந்தது. 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்த பிறகு அத்தா தனியாகப் போட்ட பட்டறைதான் அது.

நான் அப்போது மீனாட்சி கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். லீவு நாள். அப்பாவோடு போயிருந்தேன்.

பாய் பானெட்டைத் திறக்கவே இல்லை. அப்பாவுக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"எப்ப சூடாகுது அண்ணாச்சி?"

"கணவாய் ஏறும்போது பாய்."

"டவுனுக்குள்ள? விளக்குத்தூண்கிட்ட நெரிசல்ல கால்மணி நேரம் நின்னா?"

"அப்ப ஒண்ணும் ஆகறதில்ல."

"திருமங்கலம் ரோட்டுல சமதரையில அழுத்தி ஓட்டினா?"

அப்பா யோசித்தார். "லேசா ஏறும். தண்ணி தள்ளாது."

"தண்ணி தள்ளுறப்ப மீட்டர் முள்ளு எங்க நிக்கும்?"

"முக்கால்வாசி. சிவப்புக்குப் போனதே இல்ல."

பாய் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, அந்தக் கடைசி பதிலைக் கவனிச்சியா? சூடே ஏறலைன்னு மீட்டர் சொல்லுது. கொதிக்குதுன்னு தண்ணி சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய். இல்லன்னா ரெண்டும் வேற வேற இடத்தைப் பத்திச் சொல்லுது" என்றார்.

இந்த "எப்ப" என்ற கேள்வியின் பலத்தைப் பிறகுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். நின்றுகொண்டிருக்கும்போது சூடாகி, ஓடினால் ஆறுகிறது என்றால் காற்றுக் கோளாறு: ஃபேன், பெல்ட், ரேடியேட்டர் முன்னால் படிந்த தூசு. நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்தில் சூடானால் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். கீழ் ஹோஸ் நொய்ந்து, பம்ப் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளலாம். ஸ்டார்ட் செய்த சில நிமிஷத்திலேயே கொதித்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது கேஸ்கெட். ஒரு ஸ்பானரும் எடுக்காமல், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பாதிச் சந்தேகங்களைக் கழித்துவிட முடியும். அதைச் செய்யாமல் ஹெட்டை இறக்குவது எனக்கு இன்றைக்கும் ஆத்திரமூட்டுகிற காரியம்.

மறுநாள் காலை இஞ்சின் முழுக்க ஆறிய பிறகு பாய் வேலையைத் தொடங்கினார். ஆறிய பிறகு என்பதை மூன்று தரம் சொன்னார். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. பழைய வண்டிகளில் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்குகிற ஸ்பிரிங் அதில் இருக்கும். குக்கரில் நடப்பதுதான் உள்ளேயும் நடக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 110 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் இருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திருகினால் அழுத்தம் ஒரே நொடியில் இறங்கி, அத்தனை தண்ணீரும் ஆவியோடு முகத்துக்கு வரும். பாயின் இடது முழங்கையிலிருந்து தோள் வரை தோல் வழவழப்பாக, நிறம் மாறி இருந்தது. பையனாக இருந்தபோது ஒரு லாரியின் மூடியைத் திறந்ததன் தழும்பு அது என்றார். ரோட்டோரம் நிறுத்தியவர்கள் அவசரப்பட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு மூடியில் கை வைப்பதைப் பார்த்தால் இப்போதும் நான் ஓடிப்போய்த் தடுப்பேன். அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆறாத இஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் வார்ப்பு இரும்பு விரிசல் விடவும் கூடும்.

மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்த்தார். செங்காவி நிறம். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் வெளுத்து நுரைத்திருக்கும். இது கறுப்பாகச் சுத்தமாகத்தான் இருந்தது. மூடி இல்லாமலே இஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை ஏற்றி இறக்கச் சொல்லி, ரேடியேட்டர் வாயில் டார்ச் அடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். கேஸ்கெட் போயிருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து, விடாமல் குமிழி வரும். ஒன்றுகூட வரவில்லை. "ரெண்டு தரம் ஹெட்டை இறக்கினதுக்கு முன்னாடி இதைப் பாத்திருந்தா ரெண்டு நிமிஷம்" என்றார். குரலில் குத்தல் இல்லை, வருத்தம் இருந்தது.

பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். அரை அங்குலம் இறங்கியது, சரி. இஞ்சின் சூடேறியதும் ரேடியேட்டர் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகத் தடவிக்கொண்டே போனார். அடைப்பு உள்ள இடம் மட்டும் குளிர்ச்சியாக இருக்கும். புது கோர், எல்லா இடமும் ஒரே மாதிரி. வேகத்தைக் கூட்டிக் கீழ் ஹோஸைப் பார்த்தார், ஒட்டவில்லை. டைமிங் பின்தங்கியிருந்தாலும் சூடேறும். அதையும் லைட் வைத்துச் சோதித்தார். பின்சக்கர பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று ஜாக்கி போட்டுச் சுற்றிவிட்டார். மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்க்க சென்சாரைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு, ஒயரை மாட்டி, முள் எங்கே போகிறது என்று அப்பாவைக் கத்தச் சொன்னார். மீட்டர் சரியாகவே இருந்தது.

அப்புறம்தான் பிளக்குகளைக் கழற்றினார். நாலையும் ஒரு பழைய தினத்தந்தி மேல் வரிசையாக வைத்தார். முதல் மூன்றின் நுனியும் இளம் பழுப்பு. நாலாவது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, ஓரத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளம். நாலாவது என்பது டிரைவர் பக்கத்துத் தடுப்புச் சுவரை ஒட்டி, ரேடியேட்டருக்கு அதிக தூரத்தில் இருக்கிற சிலிண்டர்.

பெட்ரோல் குறைந்து காற்று கூடினாலும் பிளக் வெளுக்கும் என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னேன். பாய்க்குச் சந்தோஷம். "கேக்க வேண்டிய கேள்விதான் பாப்பா. ஆனா இந்த ஹெட்டுல மூணுக்கும் நாலுக்கும் பெட்ரோல் போற வாசல் ஒண்ணுதான். கலவை கெட்டா ரெண்டும் வெளுக்கணும். நாலு மட்டும் வெளுத்திருக்கு" என்றார். அதோடு நிறுத்தவில்லை. ஒன்றாவது பிளக்கையும் நாலாவதையும் இடம் மாற்றிப் போட்டு, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு அழகர்கோவில் ரோட்டில் போனோம். டாப் கியரிலேயே வைத்து அழுத்தி ஓட்டி, ஓடுகிற ஓட்டத்தில் கிளட்சை மிதித்துச் சாவியை அணைத்து, புளிய மரத்தடியில் நிறுத்தினார். பிளக் ஆறுவதற்குக் காத்திருந்து கழற்றினோம். இடம் மாறி வந்த பிளக் நாலாவது சிலிண்டரில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பிளக்கில் குற்றம் இல்லை. அந்தச் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் போகவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் பாய் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். அந்த இஞ்சின் பிளாக்கின் பின்கோடியில், கீழே, தண்ணீர் வடிக்கிற சின்னப் பித்தளைக் குழாய் ஒன்று உண்டு. அதை முழுசாகத் திறந்துவிட்டார். ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருந்தும் ஒரு சொட்டு வரவில்லை. குழாயையே கழற்றி எடுத்துவிட்டு அந்த ஓட்டைக்குள் சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தினார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் கெட்டியாக ஏதோ உதிர்ந்தது. அப்புறம் செம்மண் நிறத்தில் சேறு, விரல் தடிமனுக்குப் பிதுங்கி வந்து அவர் மணிக்கட்டில் வழிந்தது. அதற்குப் பின்னால்தான் தண்ணீர்.

"அண்ணாச்சி, இந்த வண்டிக்கு எங்க தண்ணி ஊத்துவீங்க?"

"வீட்டு போர்லதான் பாய்."

மதுரையில் போர் போட்டவர்களுக்குத் தெரியும், பாத்திரத்தில் வெள்ளை படிகிற உப்புத் தண்ணி. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சூட்டில் பொருக்காக இரும்பின் மேல் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொருக்கு இரும்பைவிட இருபது மடங்குக்கும் மேல் மட்டமாகத்தான் சூட்டைக் கடத்தும். அதோடு வார்ப்பு இரும்பின் துருவும், வார்த்த காலத்தில் உள்ளே தங்கிய மணலும் சேர்ந்து, ஓட்டம் மெதுவாக உள்ள இடத்தில் போய் அடங்கும். எங்கள் வண்டியில் அந்த இடம் நாலாவது சிலிண்டரின் அடிவாரம். சமதரையில் அந்தச் சிலிண்டர் சமாளித்துக்கொள்ளும். கணவாயில் முழு மிதி மிதிக்கும்போது அதைச் சுற்றியிருந்த கொஞ்சத் தண்ணீரும் ஆவியாகி, மற்ற தண்ணீரை முன்னால் தள்ளி, மூடி வழியாக வெளியேற்றும். சென்சாரோ இஞ்சினின் முன்கோடியில், நல்ல தண்ணீர் ஓட்டத்தில் நனைந்துகொண்டு, முக்கால்வாசி என்று உண்மையையே சொல்லிக்கொண்டிருந்தது. ஹெட்டை இறக்கியவர்கள் கண்ணில் இது படாததற்கும் காரணம் உண்டு. மேலிருந்து பார்த்தால் சின்னச் சின்னத் தண்ணீர் ஓட்டைகள்தான் தெரியும். சேறு கிடந்தது ஆழத்தில்.

சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆனது. மேனிஃபோல்டைக் கழற்றி, பிளாக்கின் பக்கவாட்டில் அறைந்திருக்கும் வட்டத் தகட்டு மூடிகளை நெம்பி எடுத்தார்கள். உட்பக்கம் துருவில் பாதி தின்றுபோயிருந்தன. கம்பியால் சுரண்டி, சலவை சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி ஊறவைத்து, தண்ணீர் வழக்கமாகப் போகும் திசைக்கு எதிராக ஹோஸ் வைத்து அடித்தார்கள். தெளிந்து வரும் வரை பாய் விடவில்லை. புது மூடிகளுக்கு ஷெல்லாக் தடவி அறைந்தார். கடைசியாக ஒரு புதுத் தெர்மோஸ்டாட் வாங்கிவரச் சொன்னார். அப்பா தயங்கினார். வேண்டாமென்று கழற்றியதை மறுபடி எதற்கு என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

பாய் டீ போடுகிற பாத்திரத்தில் தண்ணீரைக் காயவைத்து அதைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். அடியில் 82 என்று பொறித்திருந்தது. பாத்திரத்து ஓரத்தில் குமிழிகள் கூடி, கொதிக்கச் சற்று முன்னதாக அதன் வட்டத் தகடு மெல்ல எழும்பியது. உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து தள்ளுகிறது. "இது குளிருக்கு மட்டும் போட்டதில்ல அண்ணாச்சி. இது இருந்தா பிளாக்குக்குள்ள தண்ணி அழுத்தமா, மூலை முடுக்கெல்லாம் நிறைஞ்சு நிக்கும். இல்லன்னா கிடைச்ச வழியில ஓடிப்போகும். பின்னாடி இருக்கிறவனைக் கண்டுக்காது" என்றார். நான் பிறகு படித்ததும் இதையேதான் சொன்னது. பம்ப் கொடுக்கும் அழுத்தம் பிளாக்கில் தேங்கினால்தான் சூடான சுவரை ஒட்டி ஆவிக் குமிழி பிடிக்காது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் வழக்கத்தால் எத்தனை நல்ல இஞ்சின்கள் தேய்ந்தன என்று நினைத்தால் மனசு ஆறாது.

அதற்கப்புறம் அந்த வண்டி கணவாயில் நின்றதில்லை. அப்பா மழைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வடிகட்டி வைக்கத் தொடங்கினார். கூலன்ட் சுலபமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் அதைக் கலந்தார். ஐப்பசி மழை முடிந்தவுடன் பிளாக் குழாயைத் திறந்து, தண்ணீர் தாராளமாக வருகிறதா என்று பார்ப்பார். வரவில்லையென்றால் போக்ஸ் கம்பி. வண்டியை விற்கும்போது வாங்கியவருக்கும் அந்தக் குழாயை மண்டியிட்டுக் காட்டிக் கொடுத்தார். 2014-இல் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தியை நிறுத்தினார்கள். பாயின் சந்தில் இப்போது மோட்டார் ஒயரிங் கடை இருக்கிறது.

இன்றைய வண்டிகளில் ரேடியேட்டர் அலுமினியம், ஃபேனுக்குத் தனி மோட்டார், பிழை எண்ணைப் படித்துச் சொல்லக் கருவி. போன கோடையில் என் தம்பி மகன் கப்பலூர் டோல்கேட் வரிசையில் நின்றுகொண்டு போன் செய்தான். "அத்தை, வண்டி ஹீட் ஆகுது. சிவப்பு லைட் வந்துருச்சு. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்னு பக்கத்து வண்டிக்காரர் சொல்றாரு."

"இஞ்சினை அணைச்சு ஓரங்கட்டு. பானெட்டை மட்டும் தூக்கு, மூடியைத் தொடாத. ரிங் ரோட்டுல ஓட்டி வரும்போது லைட் வந்துச்சா?"

"இல்ல, வரிசையில நின்னதுக்கப்புறம்தான்."

"ஆறினதும் ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போடு. முன்னாடி ஃபேன் சுத்துதான்னு பாரு."

சுற்றவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபேனுக்குப் போகிற கனெக்டர் கருகி உருகியிருந்தது. ஹைவேயில் எதிர்க்காற்றே போதுமானதால் அதுவரை தெரியவில்லை. இரண்டு கிலோமீட்டர் ஓட்டுவது, நிறுத்தி ஆறவிடுவது என்று திருமங்கலம் போய்ச் சேர்ந்தான். அங்கே ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் கருகியதை வெட்டி எறிந்து புதுசு போட்டுக் கொடுத்தார். விருதுநகரில் எண்ணெய் புரோட்டா சாப்பிட உட்கார்ந்த இடத்திலிருந்து மறுபடி கூப்பிட்டான். கேஸ்கெட்டையும் எதற்கும் மாற்றிவிடலாமா என்று கேட்டான்.

"காலையில இஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணு. விடாம குமிழி வருதான்னு டார்ச் அடிச்சுப் பாரு. ஆயில் ஸ்டிக்கையும் உருவிப் பாரு. ரெண்டுலயும் ஒண்ணுமில்லன்னா ஹெட்டைத் தொட விடாத" என்றேன்.